நாலு பெல்ட்டும் ஒரு லீவரும்

ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டும், கால் கடுக்கும் என்பார்கள். எனக்குக் கால் கடுக்க வழியில்லை. அந்தக் குறையைச் சுற்றியுள்ளவர்கள் தீர்த்துவைக்கிறார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேருகிற முகவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வீடு கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. போவது வருவதெல்லாம் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில். என்னைப் போல நாற்காலியோடு பிழைப்புக்கு அலைகிறவர்களே, இதைப் படித்து உங்களுக்கும் இரத்தக் கொதிப்பு ஏறினால் நான் பொறுப்பில்லை.

பத்திரமாக வந்த லேப்டாப்

அலுவலகம் எனக்காக ஒரு வேன் அமர்த்தியது. பின்பக்கம் சாய்தளம், தரையில் நாற்காலியைக் கட்ட நாலு பெல்ட். முதல் நாள் ஓட்டுநர் ஸ்வபன்தா என்னை ஏற்றிவிட்டு, பின்னால் ஏதோ மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. நாற்காலியைத்தான் கட்டுகிறார் என்று நம்பினேன். மேம்பாலத்தில் இறங்கும்போது ஒரு மினிபஸ் குறுக்கே வர, பிரேக் போட்டார். நானும் நாற்காலியும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ. அப்படியே போய் அவர் இருக்கையில் மோதினோம். முழங்கால் வீங்கியதே எனக்கு வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நாலு பெல்ட்டும் என் லேப்டாப் பையையும் புரொஜெக்டர் பெட்டியையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. இது என்ன அக்கிரமம் என்று வங்க மொழியில் கத்தினேன். அந்த மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"உங்களுக்குத்தான் பிடிச்சுக்கக் கை இருக்கே தீதி, லேப்டாப்புக்கு என்ன இருக்கு?"

உன் நல்லதுக்கு

முழங்கால் சமாச்சாரம் மண்டல மேலாளர் ராமநாதன் காதுக்குப் போனது. மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கிற குடும்பம். அக்கறை என்றால் தமிழுக்கு மாறிவிடுவார். ஓட்டுநருக்குப் பெல்ட் கட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதை நானே செய்தேன். நாலு கொக்கியும் நாற்காலியின் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், சக்கரத்தில் இல்லை, கைப்பிடியில் இல்லை. அப்புறம் என் இடுப்புக்குத் தனிப் பெல்ட். ஸ்வபன்தா மூன்றே நாளில் தேறிவிட்டார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்காமல் இன்றுவரை வண்டியை எடுப்பதில்லை.

மேலாளர் தேறவில்லை. இந்தச் சுற்றுப்பயண வேலைக்காக நான் ஆறு வருஷம் மனுமேல் மனு போட்டவள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா டூர் கிடையாதும்மா வசந்தி, உள்ளேயே உட்கார்ந்து ஃபைல் பாரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாற்காலியில்லாமல் வாங்க

குவாஹாட்டியில் வகுப்பு. விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே பேட்டரி என்ன வகை, எடை எவ்வளவு, எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி அனுப்பினேன். போதாதென்று படம் போட்ட அட்டை ஒன்றை நாற்காலியின் முதுகிலேயே கட்டிவிட்டேன். தூக்கியவர்கள் அட்டையைக் கிழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள், படிக்கவுமில்லை. இறங்கிய இடத்தில் நாற்காலி வந்தபோது, ஓட்டுகிற ஜாய்ஸ்டிக் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறார்கள்.

அங்கிருந்த விமான நிறுவன இளைஞர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தத்தோடு ஒரு யோசனையும் சொன்னார்.

"அடுத்த தடவை நாற்காலியில்லாம வாங்க மேடம், உங்களுக்கும் சுலபம், எங்களுக்கும் சுலபம்."

சாந்த்ராகாச்சி சரிவு

ஜாய்ஸ்டிக் கதையை மேலாளரிடம் சொல்லாமல் மறைத்தேன். சாந்த்ராகாச்சியை மறைக்க முடியவில்லை.

அங்கிருக்கும் எங்கள் கிளையின் வாசலில் சாய்தளம் செங்குத்து. முடிகிற இடத்தில் சாலை, சாலையில் லாரி. வகுப்பு முடிந்து சாய்தளத்தின் உச்சியில் நிறுத்தி, இடுப்புப் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலி நானாக ஓட்டினால் எந்தச் சரிவிலும் ஆமை மாதிரி இறங்கும். ஆனால் பின்னால் ஒரு லீவர் உண்டு. பேட்டரி தீர்ந்தால் கையால் தள்ளுவதற்காக வைத்தது. அதைத் திருப்பினால் சக்கரம் மோட்டாரைவிட்டு விலகும்; பிரேக்கும் போய்விடும். அன்று காலைதான் ஆபத்துக் காப்பீடு பற்றி இரண்டு மணி நேரம் கேட்டிருந்த என் மாணவர்களில் ஒருவர், நாற்பது வயது மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் திருப்பினார். திருப்பியவர் பிடித்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை.

நான் உருண்டேன். கம்பியைப் பிடித்தேன், கை வழுக்கியது. கீழே வேன் டயருக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த செங்கல்லை ஸ்வபன்தா எடுத்து என் சக்கரத்தின்முன் போட்டு, தன் தோளையும் கொடுத்தார். லாரி ஒரு முழத் தூரத்தில் போனது. இடுப்புப் பெல்ட் இல்லையென்றால் நான் அதன் அடியில்.

நான் போட்ட கத்தலில் மேலே நின்ற மாணவர் முகத்தில் மனத்தாங்கல்.

"உதவி பண்ண வந்தா இப்படிக் கத்துறீங்களே, மேடம்!"

விசாரணை

மேலாளர் கையில் என் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. "லீவரைத் திருப்பினவர் நாளைக்கு ஊர் சுத்துவார், உருண்டவ ஃபைல் பாக்கணுமா சார்?" என்று கேட்டேன். அவர், நாற்காலி எவ்வளவு ஆபத்து என்று சாட்சி சொல்ல ஸ்வபன்தாவை உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டது அவர் செய்த தப்பு. ஸ்வபன்தா தோளில் கட்டோடு வந்து நின்றார்.

"பிரேக்கை எடுத்துவிட்டா உங்க காரும்தான் உருளும் சார், அதுக்காக நீங்க ஆபீஸுக்கு வராம இருப்பீங்களா?"

உத்தரவு கிழிந்தது, அடுத்த வாரம் துர்காபூர் போகிறேன். இத்தனை அலைச்சலில் நான் கண்டது, என் நாற்காலிக்கு நல்ல பிரேக் இருக்கிறது, உதவி செய்ய ஓடிவருகிறவர்களுக்குத்தான் இல்லை.