கெட்டி ஆயில் வைத்தியம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அது அவர் கண்ணுக்கு மட்டும் தட்டுப்பட்டதே இல்லை. எங்காவது ஒரு வண்டி லேசாக முனகினால் போதும், நீளமான ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பார். முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடித் தலையாட்டுவார். பிறகு தீர்ப்பு வரும். எந்த வண்டிக்கும் ஒரே தீர்ப்புதான்.

"ஆயில் தண்ணியா ஓடுது. கெட்டியா ஊத்து."

பிழைப்பு என்னவோ பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோவது. சொந்த பிக்கப் வண்டி. அவர் ஓட்டுவார், மனைவி தட்டுகளை எண்ணி ஏற்றுவாள், இறக்குவாள், கடைக்காரர்களிடம் பேசுவாள். லைசென்ஸ் அவளிடமும் உண்டு. ஆனால் ஸ்டீயரிங்கை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. வண்டி ஓட்டக் காது வேண்டுமாம், அது அவளுக்கு இல்லையாம். இருபது வருஷமாக அவர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது எந்த உறுப்பு என்று அவள் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்த பிக்கப்பே சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் டிக், டிக், டிக். சூடேறியதும் அடங்கிவிடும். டாக்டருக்குக் கொண்டாட்டம். வண்டியோடு வந்த புத்தகத்தில் மெல்லிய ஆயில்தான் போடச் சொல்லியிருந்தது. மனைவி அதைக் காட்டினாள்.

"புத்தகம் எழுதினவன் இந்தச் சத்தத்தக் கேட்டானா?" என்றார்.

கெட்டி ஆயில் ஊற்றினார். மறுநாளும் டிக் டிக். அதைவிடக் கெட்டியாக ஊற்றினார். அதற்கும் மசியவில்லை என்றதும், எவனோ ஒரு கடைக்காரன் தலையில் கட்டிய, பாகு போல இழுபடும் சரக்கு ஒரு டின். காலையில் ஸ்டார்ட்டர் திணறியது, இன்ஜின் கிளம்பவே அழுதது. சூடேறி டிக் டிக் நின்றதும், "பாத்தியா, வேல செய்யுது" என்று மார்தட்டிக்கொண்டார்.

ஒரு காலை, வண்டி டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்க, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அவள் பார்த்தாள். புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கரி அப்பியிருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஒவ்வொரு டிக்குக்கும் சூடாக ஒரு காற்று வந்து உள்ளங்கையில் அடித்தது. பக்கத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது.

"என்னங்க, இங்கேருந்துதான் காத்து வருது."

"நீ ரொட்டிய எண்ணு. இன்ஜின நான் பாத்துக்கறேன்."

அவர் மத்தியானம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, இன்ஜின் ஆறியிருந்தது. ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டாள். மறுநாள் காலை வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. டாக்டர் டின்னைத் தூக்கி முத்தம் கொடுக்காத குறைதான். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். வீட்டில் கொஞ்ச நாளைக்கு நிம்மதியாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நிம்மதி வருகிறதாவது! டீக்கடை, பெட்ரோல் பங்க், முடிவெட்டும் கடை, ஒரு இடம் பாக்கியில்லை. டின்னின் மகிமை தெருத் தெருவாகப் பரவி, கடைசியில் அவள் தம்பி காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

தம்பி அப்போதுதான் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, டைல்ஸ் லோடு அடிக்க ஆரம்பித்திருந்தான். அவன் பிழைப்பே அந்த ஒரு வண்டிதான். பேக்கரி விடுமுறை நாளன்று காலையில், முழு லோடோடு வாசலில் வந்து நின்றான். இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து டொக், டொக் என்று கனமாக ஒரு சத்தம். டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுக்கியது.

"மாமா, இன்னிக்கு மலை மேல ஏறணும். உங்க வண்டிக்குப் போட்டதையே எனக்கும் போட்டு விடுங்க."

ஸ்க்ரூடிரைவர் வந்தது. கண் மூடியது. தலை ஆடியது. "ஆயில் தண்ணியா ஓடுது மச்சான்." டின் பானெட்மேல் ஏறி உட்கார்ந்தது. வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியிடம் வந்தாள். "டேய், வெளக்கு மினுக்குதுடா. லோட எறக்கிட்டு வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போ. கீழ கழட்டிப் பாக்கச் சொல்லு."

"என்னக்கா நீ? உங்க வண்டி மாமா ஊத்துனதுலதான சரியாச்சு?"

"உங்க அக்காவுக்கு ரொட்டிதான் தெரியும்" என்றார் டாக்டர். நாலு பேரும் சிரித்தார்கள்.

தான் வாயை மூடிக்கொண்டதால்தான் தம்பி இங்கே வந்து நிற்கிறான் என்பது அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. உள்ளே போய் ஸ்பேனரோடு வந்தாள். தங்கள் வண்டியின் பானெட்டைத் தூக்கி, அந்த நட்டைத் தளர்த்திவிட்டு, சாவியைத் திருகினாள். திணறிக் கிளம்பிய வண்டி டிக், டிக், டிக் என்றது. எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் ஓட விட்டாள். அணைத்தாள். நட்டை இறுக்கினாள். மறுபடி கிளப்பினாள். சத்தம் இல்லை.

"கேட்டியாடா? உங்க மாமா ஊத்துன டின்னுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தத் தடவை நாலு பேரும் வேறு ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி டின்னை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இழுத்துப்போக வண்டிக்குச் சொல்லி அனுப்பினான்.

சாயங்காலம் போன் வந்தது. "அக்கா, பேரிங் தேஞ்சு தகடா போயிருக்கு. அந்தச் சரக்க ஊத்தியிருந்தா சத்தம் அமுங்கியிருக்குமாம். நானும் நம்பி ஏறியிருப்பேன். பாதி மலையில இன்ஜினே ஒடஞ்சிருக்கும்னு சொல்றாங்க." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் தொண்டையைச் செருமினார். "பேரிங்தான்னு காதுல வெச்சதுமே எனக்குத் தெரியும். அவன் பயந்துடுவானேன்னுதான் சொல்லல."

மறுநாள் காலை அவர் முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் சொன்ன மெல்லிய ஆயில் கேன் பக்கத்து சீட்டில் இருந்தது.

"மொதல்ல வொர்க்‌ஷாப்புக்குப் போய் அந்தப் பாகு ஆயில வடிக்கணும். அப்புறம் பேக்கரி" என்றாள். "பின்னால ஏறுங்க. ரொட்டிய நீங்க எண்ணுங்க."