எனக்குத் தெரியாது என்றேன்

என் தம்பி அறுபத்தெட்டு வயதில் இஸ்லாத்துக்கு மாறினான். பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரைவது அவன் தொழில். மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தான். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மூன்று ரமலானாக அவன் நோன்பு வைப்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன பத்தியம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஈரத் தலையோடு வந்தான். ஒலிமுகமதுபேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பரும் இன்னொருவரும் சாட்சியாக இருக்க, பள்ளிவாசலில் கலிமா சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

“அவ்ளோதானா?” என்றேன்.

“அவ்ளோதாண்ணா. குளிச்சிட்டுப் போய் மனசார சொல்லணும். ஆண்டவன் ஒருத்தன், நபி அவரோட தூதர்னு. நீ ஒரு டாக்டர் பட்டத்துக்கு எத்தினி வருஷம் அலைஞ்ச. எனக்கு ஒரு நிமிஷந்தான் ஆச்சு.”

“அப்ப விபூதி?”

“அது நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. நீ பாக்கலியா?”

நான் பார்த்திருக்கவில்லை.

கலிமா ஒரு நிமிடத்தில் முடிந்தது, காகிதம் முடியவில்லை. நோட்டரி முன்னால் அவன் கொடுத்த உறுதிமொழியோடு, குடும்பத்தில் ஒருவரின் கையெழுத்தையும் ஜமாத்தில் கேட்டார்கள். இவர் மாறியது எங்களுக்குத் தெரியும், இறந்தால் அவர்கள் முறைப்படி அடக்கம் செய்ய ஆட்சேபம் இல்லை என்று நான்கு வரி. வேறெங்கோ பிணத்தை நடுவில் வைத்துத் தகராறு நடந்ததாம்.

“வேற எதுவும் உன்னக் கேக்க மாட்டேன்ணா. என்னைக் கொளுத்திடாதீங்க. அது மட்டுந்தான்” என்றான்.

பேத்திக்கு நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. சூரசம்ஹாரத்தில் முருகனுக்குப் படைவீரர்களாக வேஷம் கட்டுவது நெசவுக்கார ஜனமான எங்களுக்கு உள்ள உரிமை. அந்த வருஷம் என் மகன் கட்டினான். அது முடியட்டும் என்றேன். பிறகு தைப்பூசம். பிறகு பங்குனி உத்திரம். ஒவ்வொன்றும் முடிந்த மறுநாள் மாடியிலிருந்து இறங்கி வருவான்.

“இப்ப எந்த சாமிக்குண்ணா காத்துக்கினு இருக்கற?”

அவன் கொடுத்த அந்த நான்கு வரிக் கடிதம் என் மேஜையிலேயே கிடந்தது. கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. அதை அவனிடம் சொல்லும் தைரியமும் இல்லை.

சித்திரை பிறப்பதற்குள் ஒரு காலையில், மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழவில்லை.

பத்து மணிக்குச் சைக்கிள் கடைக்காரர் இரண்டு பேரோடு வாசலுக்கு வந்தார். என் பின்னால் பங்காளிகள் நின்றிருந்தார்கள்.

“சார், அவரு கலிமா சொன்னவரு. எங்ககிட்ட குடுத்தீங்கன்னா குளிப்பாட்டி, தொழுகை வெச்சி, அடக்கம் பண்ணிடுவோம்.”

“இதென்னடா புதுசா?” என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

நான் கடைக்காரரிடம், “கையெழுத்து ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். “உங்ககிட்டதானே சார் கடுதாசி குடுத்தாரு?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் தகராறு செய்யவில்லை. தெருமுனையில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் தம்பியின் நெற்றியில் விபூதி பூசினேன். கொள்ளியும் நானே வைத்தேன்.

அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. ரங்கசாமி குளம் வரை நடப்பேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவேன். ஓரிக்கை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறேன். முட்டி வலிக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். போன மாதம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

“இது இப்ப எதுக்கு சார்? அவருக்கு எந்தக் கொறையும் இல்ல. சொன்னதை அல்லா கேட்டிருப்பான். தெரியாதுன்னு யாரை வெச்சிக்கினு சொன்னீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க.”

அடுத்த வாரம் தம்பிக்கு வருஷ திதி. ஐயருக்குச் சொல்லியாகியிருந்தது. அவன் விட்டுவிட்ட பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்க இருந்தோம். நேற்று மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சம்பந்தி வீட்டுல என்னாப்பா நெனைப்பாங்க?” என்றான். ஒரு வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். அவனைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. ஐயருக்கு மட்டும் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூத்த பங்காளிக்கு இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து மூன்று முறை அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இதை எழுதி வைத்துவிட்டு மறுபடியும் கிளம்ப வேண்டும். கதவைத் திறந்ததும் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தால் காபி வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.