ரத்தம் எடுக்கத் தெரியாத நடிகை

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன லேபில் பதினாறு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். நரம்பே தெரியவில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட கைகளில்கூட எனக்கு முதல் குத்திலேயே கிடைத்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி சொல்லப்போகிற சண்டைக்கு இந்த விவரம் தேவைப்படுகிறது.

சண்டை சினிமா பற்றியது. தை பிறந்து கொஞ்ச நாளில், வெளிநாட்டில் கொடுக்கிற ஒரு பெரிய சினிமா விருதுக்கான இறுதிப் பட்டியல் வெளியாகும். அன்றிலிருந்து விருது கொடுக்கும் நாள்வரை எங்கள் லேபில் மூன்று பேருக்கு வேறு பேச்சே கிடையாது. ஒன்று, நான். இரண்டு, பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாய். மூன்று, லேபில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். மேல்சித்தாமூர்க்காரி. என் வயதுதான், ஆனாலும் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றே கூப்பிடுகிறாள். ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவாள். ஐந்தரைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் அன்றைய வாக்குவாதம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமுன் கடைசியாகப் பேசியவர் யாரோ அவர்தான் அன்றைக்கு ஜெயித்தவர். பெரும்பாலும் நான்தான்.

பட்டியல் வந்ததும் அவள் அதை ரிப்போர்ட் படிவத்திலேயே அடித்துக் கொடுப்பாள். நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் நடிகையின் பெயர். பரிசோதனை என்ற இடத்தில் படம். முடிவு என்ற கட்டத்தில் எங்கள் கருத்து. ரசாயனப் பாட்டில்கள் இருக்கும் குளிர்பெட்டியின் கதவில் அதை ஒட்டிவிடுவோம்.

ஒருமுறை சர்க்கரை பார்க்க வந்த ஒருவர் அதை நின்று படித்துவிட்டு, "எங்கியோ குடுக்கிற விருதுக்கு இங்க இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" என்று கேட்டார். அந்தப் படம் என் போனுக்கும் வருகிறது, நான் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறந்த நடிகைக்கான போட்டி எங்களை ரொம்பவே ஆட்டிவைத்தது. பட்டியலில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேரைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. ஒருத்தி பனி கொட்டும் துறைமுக ஊரில் நர்ஸாக நடித்திருந்தாள். அவள் மகன் கப்பலில் போனவன், பல நாளாகத் தகவல் இல்லை. இன்னொருத்தி குரல் போய்விட்ட பாட்டு டீச்சர். படத்தில் பாதிக்குமேல் அவளுக்கு வசனமே கிடையாது. பாய் நர்ஸ் பக்கம். நான் பாட்டு டீச்சர் பக்கம்.

நான் நர்ஸை எதிர்த்ததற்குக் காரணம் ஒரே ஒரு காட்சி. ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்கு அவள் ரத்தம் எடுக்கிறாள். கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்காமலே ஊசியை வெளியே எடுத்துவிடுகிறாள். அப்படி எடுத்தால் குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இருபது வருட அனுபவமுள்ள நர்ஸ் என்று படத்தில் சொல்கிறார்கள்!

"அது டைரக்டரோட தப்பு சிஸ்டர்," என்றார் பாய். "நடிப்புக்கு மார்க் போடுங்க. ஊசிக்குப் போடாதீங்க."

"போன வருஷம் நீங்க மட்டும் இன்னா செஞ்சீங்க? படத்துல டாக்டர் எழுதின சீட்டு தெளிவா படிக்க முடியுது, அதனால அவன் டாக்டரே இல்லன்னு சொல்லலியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"எந்த டாக்டர் சிஸ்டர் அப்படி எழுதுறாரு? நான் முப்பது வருஷமா சீட்டு படிக்கிறேன்."

"நான் பதினாறு வருஷமா ஊசி போடுறேன் பாய். கை பொய் சொல்லுச்சின்னா மூஞ்சி எவ்ளோ அழுதாலும் நான் நம்ப மாட்டேன்."

டிபன் பாக்ஸ் திறந்தது. அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன்.

அடுத்த வாரம் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஊரே நிரம்பியிருந்தது. மறுநாள் காலை லேபிலும் கூட்டம். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா ஒருவர், இரண்டு நாள் கண்விழித்த அலுப்போடு, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்திருந்தார். பட்டையைக் கட்டி, ஊசியைப் போட்டேன். வழக்கம்போல முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அந்த நேரம் பாய் வாசலில் வந்து நின்று, யாரோ ஒரு வெளிநாட்டு விமர்சகர் நர்ஸுக்குத்தான் விருது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பொம்பளைக்கு ரத்தம் எடுக்கவே தெரியல பாய்!" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஊசியை வெளியே எடுத்தேன்.

"அக்கா, பட்டை!" என்று கத்தினாள் டைப் செய்கிறவள்.

பட்டை அவிழ்க்கப்படாமல் கையிலேயே இருந்தது. குத்திய இடத்தில் ரத்தம் பொங்கி, என் கண்முன்னாலேயே தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்தது. பட்டையை இழுத்து அவிழ்த்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.  பதினாறு வருடத்தில் நான் இப்படிச் செய்தது அது முதல் தடவை.

அந்த அம்மா கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா ரத்தம் எடுக்கத் தெரியலன்ற? உனக்கா?"

பாய் சத்தமில்லாமல் கடைக்குப் போய்விட்டார். நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றி அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்தேன். "சினிமா பேச்சுல கவனம் போயிடுச்சும்மா" என்று உண்மையைச் சொன்னேன்.

"எந்த சினிமா?" என்றார். கதையைச் சொன்னேன். கப்பலில் போன மகன், பனி ஊர், கிழவரின் கை, எல்லாவற்றையும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புள்ளைய காணலன்னா அவளுக்கு எந்த வேலைதான் ஓடும்?" என்று மட்டும் சொன்னார்.  ஐஸ் உருகி என் புடவையெல்லாம் நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை மறுபடி போட்டேன். அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நர்ஸ் பட்டையைக் கட்டுகிறாள், கச்சிதமாக. நரம்பைத் தடவிப் பார்க்கிறாள், நான் பார்ப்பதுபோலவே. ஊசி போடுகிறாள். அப்போது கிழவரின் தலைக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, துறைமுகச் சீருடை போட்ட இரண்டு பேர் வந்து யாரிடமோ விசாரிக்கிறார்கள். காட்சியில் அவர்கள் மங்கலாகத்தான் தெரிகிறார்கள். முதல் தடவை நான் அவர்களைக் கவனிக்கவே இல்லை. என் கண் ஊசியில் இருந்தது. நர்ஸின் கண் கதவுக்குப் போகிறது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கைதான் பட்டையை மறந்துவிடுகிறது. மகனைப் பற்றிய சேதி இன்னும் அவள் காதில் விழவில்லை, அதற்குமுன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

படத்தை அங்கேயே நிறுத்தினேன். தப்பு என்று நான் ஒரு மாதம் கத்தியது தப்பே இல்லை. அந்த நடிகை தெரிந்தேதான் செய்திருக்கிறாள். ரத்தம் எடுப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒருத்தியால்தான் அதை அப்படி மறக்க முடியும். இதைச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்றும் அப்போது தோன்றியது.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பாய் கடைக்குப் போனேன். "பாய், நான் சொன்னது தப்பு. விருது நர்ஸுக்குத்தான் குடுக்கணும்" என்றேன்.

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "இன்னா சிஸ்டர் இப்படிச் சொல்றீங்க? நீங்க அன்னிக்குப் பட்டையை மறந்ததும் அந்தம்மா கை வீங்கினதை நான் கண்ணால பாத்தேன். படத்துல அந்தக் கிழவர் கை வீங்கவே இல்ல. பொய்யான படம். நான் பாட்டு டீச்சருக்கு மாறிட்டேன்."

"வீக்கத்தைக் காட்டாதது டைரக்டர் தப்பு பாய்!"

"நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்களா?"

டைப் செய்கிறவள் ஒட்டியிருந்த படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று அடித்தாள். யார் எந்தப் பக்கம் என்று அவளுக்கே குழம்பியதாம். அதற்குப் பிறகு மூன்று வாரம் பாய் என் பழைய வாதங்களைச் சொல்லி என்னை எதிர்த்தார். நான் அவருடைய பழைய வாதங்களைவிட நல்லதாகச் சொல்லி அவரை மடக்கினேன். கை குணமான பூக்கார அம்மா அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, அவரையும் நடுவராக வைத்தோம். படம் பார்க்காமலே நர்ஸ் என்றார்.

விருது கொடுக்கிற நேரம் நமக்குக் காலை. லேபில் வெறும் வயிற்றோடு எட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். போனைப் பாட்டில் மேல் சாய்த்துவைத்து, டைப் செய்கிறவள் மட்டும் பார்க்கவேண்டும், ரத்தம் எடுத்து முடியும்வரை எனக்கு எதுவும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆறாவது ஆளுக்குப் பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். பாய் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார்.

"யாரு?"

டைப் செய்கிறவள் போனை என் பக்கம் திருப்பினாள். போனில் ஒரு வயதான பெண் விருதைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். மலைக்கிராமத்தில் தபால் கொடுக்கிற பெண்ணாக நடித்தவளாம். பட்டியலில் ஐந்தாவதாக இருந்தாள். அந்தப் படம் இங்கே வரவே இல்லை. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

"பாக்காத படத்தை எப்படி சிஸ்டர் திட்டுறது?" என்றார் பாய். அவர் குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

படம் சித்திரையில் போனுக்கு வந்தது. மூன்று பேரும் அவரவர் வீட்டில் பார்த்தோம். மறுநாள் காலை லேபில் முதலில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். நல்ல படம், நல்ல நடிப்பு, ஆனால் விருது தப்பான ஆளுக்குப் போய்விட்டது என்றேன். பாய் தலையாட்டினார். மூன்று மாதத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான். டைப் செய்கிறவள் மட்டும் கீ போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியில அந்தத் தபால்காரி ஒரு கடுதாசிய அவளே படிச்சுக் காட்றாளே, அங்க நீங்க அழுதீங்களா இல்லியா அக்கா?"

"அழுதேன்."

"அப்புறம் இன்னா?"

"அழுகை வேற, விருது வேற" என்றேன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.