கொட்டாஞ்சேனைக்கு ஒரு படம் பார்க்கப் போனேன்

காலை பதினொரு மணி, வெள்ளவத்தை. இங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பதினொரு கிலோமீற்றர். இதற்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் நடந்துபோய் பஸ் ஏறுகிறவர்கள். காலி வீதியில் ஏறி, கோட்டையில் மாறி, ஒரு சின்ன நித்திரை கொண்டு எழும்பினால் அவர்களுக்குக் கொட்டாஞ்சேனை வந்துவிடும். எனக்கு இது விசா எடுக்காத குறையாகச் செய்யும் பயணம். முதல் நாள் பின்னேரமே ஆயத்தம் தொடங்கிவிடும். முதல் வேலை, தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. போகிற இடத்தில் என் கதிரை நுழையக்கூடிய ஒரு கழிப்பறை இருக்கும் என்று நம்பித் தேத்தண்ணீர் குடிக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வயதில் வந்த போலியோ கால்களை எடுத்துக்கொண்டு கைகளை விட்டுவைத்தது. அந்தக் கைகளால் சில்லுக் கதிரையை உருட்டிக்கொண்டு என் உலகம் முழுவதும் போய்வருவேன். என் உலகம் எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் மருந்துக்கடை வரை.

கடைசியாகத் தியேட்டருக்குப் போனது பன்னிரண்டு வயதில். அப்பா தூக்கிக்கொண்டு போவார். அந்த வருடம் நான் பெரியபிள்ளையானேன். "இனித் தூக்கிக்கொண்டு திரியிறது வடிவில்லை" என்று அம்மா ஒரு நாள் குசினிக்குள் நின்றபடி சொன்னா. அதோடு என் சினிமா முடிந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்கிய படங்கள்தான்.

ஆகவே, கொட்டாஞ்சேனையில் புதுப்பித்துத் திறந்த ஒரு தியேட்டரின் விளம்பரத்தில் சக்கர நாற்காலி வசதி உண்டு என்ற வரியைக் கண்டபோது எனக்குப் பிடித்தது வெறும் ஆசையில்லை, பேய். யாரும் என்னைத் தொட்டுத் தூக்காமல், நானே உருட்டிக்கொண்டு உள்ளே போய், இருட்டுக்குள் நாலு பேரோடு இருந்து ஒரு படம் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தியேட்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தாராளமா வாங்கக்கா. ரேம்ப் இருக்கு. ஒங்களுக்குன்னு ஸ்பெஷல் சீட்டும் இருக்கு" என்றார் மனேஜர். அன்பான குரல். அன்பானவர்களிடம் கூடுதல் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு ஃபாரூக் நானா முச்சக்கர வண்டியோடு வந்தார். எங்கள் ஒழுங்கைக்காரர், வைத்தியசாலைக்குப் போவதென்றாலும் வங்கிக்குப் போவதென்றாலும் அவர்தான். புகையிரத நிலையம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரயிலின் வாசலுக்கு ஏற என்னிடம் சிறகில்லை. நான் கைகளை ஊன்றி ஆசனத்துக்கு மாறிக்கொண்டேன். கதிரையை மடித்து எனக்குப் பக்கத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார் நானா. போகவர, காத்து நிற்க, எல்லாமாக நாலாயிரம் ரூபாய்.

"எங்க டீச்சர், ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை நானா. படம் பாக்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "படமா? வெளங்குது. அப்ப சுணங்காமப் போவோம்" என்று வண்டியை எடுத்தார். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

மரைன் டிரைவில் கடல் வெயிலில் கிடந்து மினுங்கியது. பம்பலப்பிட்டி தாண்டும்போது ஓர் அலுவலகத்தை நானாவுக்குக் காட்டினேன். முன்பு எனக்குப் படி ஏற முடியாது என்பதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அதைக் கொடுக்கிற ஐயா இருந்தது இரண்டாம் மாடியில். லிஃப்ட் பழுது. நான் கீழே நின்று ஆள் அனுப்பினேன். சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்று பதில் வந்தது. நானா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நீங்கள் சிரிக்கலாம். நான் இப்போதெல்லாம் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறேன்.

காலிமுகத்திடல், கோட்டை, பிறகு புறக்கோட்டையின் நெரிசல். மூட்டை சுமந்த நாட்டாமைகள் வண்டிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். செட்டியார் தெருவில் ஒரு கோயில் மணி கேட்டது. ஒருமுறை இந்தப் பக்கத்துக் கோயிலொன்றில் என் கதிரையை வாசலோடு நிறுத்தினார்கள். சில்லு தெருவில் உருண்டதாம், ஆகவே அதுவும் செருப்புக் கணக்காம். செருப்பைக் கழற்றி வைக்கலாம், காலைக் கழற்றி வைப்பது எப்படி என்று கேட்டேன். ஐயர் நல்லவர், வாசலுக்கே வந்து திருநீறு தந்தார்.

ஒரு மணிக்குச் சற்று முன்னே கொட்டாஞ்சேனை. தியேட்டரின் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பிறகு விளங்கும். முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். சரிவுப் பாதை உண்மையாகவே இருந்தது. அதுவும் ஒழுங்கான சரிவு, இரண்டு பக்கமும் பிடி, வழுக்காத தரை. கட்டியவர் யாரோ விஷயம் தெரிந்தவர். அதன் தொடக்கத்தில் மட்டும் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. நானா ஹோர்ன் அடித்து அவற்றை எடுக்கவைத்துவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் வண்டியை நிறுத்தப் போனார். நான் சில்லைப் பிடித்து உருட்டினேன். ஒரு மூச்சில் மேலே. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சோளப்பொரி வாசம். நேரே எதிரில் கீழ் மண்டபத்தின் கதவு திறந்து கிடந்தது. அதற்குப் படியே இல்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனேஜர் ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளை ஷேர்ட், நெற்றியில் சந்தனம்.

"வாங்கக்கா, வாங்க! டீச்சர்தானே? ஒங்களுக்காகத்தான் பொக்ஸ ரெடி பண்ணி வச்சிருக்கோம்."

"பொக்ஸ் எங்க இருக்கு?"

அவர் மேலே காட்டினார். வளைந்து ஏறும் படிக்கட்டு. சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊர்த் தியேட்டர்களில் மரியாதை கீழிருந்து மேலே போகும். திரைக்குக் கிட்ட கலரி, விசில் அடிக்கிறவர்களுக்கு. மேலே பெல்கனி, குடும்பங்களுக்கு. அதிலும் ஓரமாகக் கதவு வைத்த சின்ன அறைதான் பொக்ஸ், பெரிய மனிதர்களுக்கு. மனேஜர் என்னைப் பெரிய மனிதராக்கத் தீர்மானித்துவிட்டார். மாற்றுத்திறனாளிக்குத் தியேட்டரில் இருப்பதிலேயே உயர்ந்த ஆசனம். அது உயரத்தில் இருப்பதுதான் பிரச்சினை என்று அந்த நல்ல மனிதருக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

"எனக்குக் கீழ போதும். உந்தக் கதவால போய்ப் பின்வரிசைக்குப் பின்னால நிக்கிறன். டிக்கெட்டுக்கும் காசு தாறன்."

"ஐயோ, ஒங்கள கீழ விடுறதா? நாலு பேரு பாத்தா என்னையத்தானே ஏசுவாங்க? காசெல்லாம் வேணாங்கக்கா."

"வேண்டாம் தம்பி. என்னைத் தூக்க வேண்டாம்."

"அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லக்கா, பையங்க இருக்காங்க."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்."

நம் வீடுகளில் விருந்துக்குப் போய்ப் போதும் என்று சொல்லிப் பாருங்கள். இலையில் இன்னுமொரு அகப்பை விழும். வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறா என்று அர்த்தம். நாலு தரம் மறுத்தால்தான் மரியாதை தெரிந்த பெண். அந்தப் பழக்கத்தைத்தான் மனேஜர் என்மீது நடத்தினார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. கைதட்டிக் கூப்பிட்டார். நாலு பேர் வந்தார்கள். வாசலில் சனம் சேர்ந்துவிட்டது.

தூக்கினார்கள்.

ஒருவன் உருளும் சில்லைப் பிடித்ததால் கதிரை பின்னால் சரிந்தது. நான் பயத்தில் முன்பின் தெரியாத ஒருவனின் தோளைக் கட்டிப்பிடித்தேன். மற்றக் கையால் சேலையைப் பிடித்திருந்தேன். நான் வேண்டாம், வேண்டாம் என்று கத்த, அவர்கள் "பயப்படாதீங்கக்கா, விடமாட்டோம்" என்றார்கள். யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டிப் பாவம் என்றாள். யாரோ தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள். மேலே போனால் பொக்ஸின் கதவுக்குள் கதிரை நுழையவில்லை. ஆகவே என்னைக் கதிரையிலிருந்தும் தூக்கிச் சோபாவில் வைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில், அக்குளுக்குள் ஓர் ஆணின் கை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அன்று சாப்பிட்டிருக்க மாட்டா. கதிரையை நடைவழியில் மடித்து வைத்தார்கள். மனேஜர் ஒரு குளிர்பானமும் அனுப்பினார். நான் அதைத் தொடவில்லை, கழிப்பறையும் படிகளைத் தாண்டித்தானே இருந்தது.

ஒன்றரைக்குப் படம் தொடங்கியது, நாலு மணிக்கு முடிந்தது. வெளிச்சம் வந்தது. சனம் இறங்கிப் போனது. பெருக்குகிற அம்மா வந்து என் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனா. நாலு பேரும் வரவில்லை. மனேஜருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பையங்க கீழ டிக்கெட் கிழிக்கிறாங்கக்கா. அடுத்த ஷோக்குச் சனம் வந்திடுச்சு. கொஞ்சம் பொறுங்க, எப்படியும் எறக்கி விட்டுர்றோம்."

இறக்கி விடுகிறார்களாம், மூட்டை மாதிரி. அப்போதுதான் கோபம் முழுதாக வந்தது. நான் நானாவைக் கூப்பிட்டேன். அவர் மேலே வந்து கதவில் நின்று என்னையும் சோபாவையும் பார்த்தார்.

"தூக்கவா டீச்சர்?" என்று கேட்டார். அன்று முழுவதும் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"வேண்டாம் நானா."

"சரி" என்றார். அவ்வளவுதான். வெறும் கதிரையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

நான் சோபாவிலிருந்து தரைக்கு இறங்கினேன். சேலையை இழுத்துச் செருகினேன். கைகளை ஊன்றி, இருந்தபடியே நகர்ந்து படிக்கட்டுக்கு வந்தேன். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினேன். சிவப்புக் கம்பளத்தில் சோளப்பொரியும் ஐஸ்கிறீமும் ஒட்டிக் கிடந்தன, எல்லாம் என் சேலையோடு வந்தன. அடுத்த காட்சிக்கு மேலே ஏறியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "அடடா, விழுந்திட்டா போல" என்று குனிந்த ஒருவருக்கும் எனக்கும் நடுவில் நானா கையை நீட்டினார்.

"தொடாதீங்க. டீச்சர் எறங்கிறாங்க."

மனேஜர் கீழே நின்று கையைப் பிசைந்தார். "ஐயோ, இது என்னக்கா, எங்களுக்குத்தானே அவமானம்" என்றார். பாவம், அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. நான் கதிரையில் ஏறி மூச்சு வாங்கி, திறந்து கிடந்த கீழ் மண்டபத்துக் கதவை அவருக்குக் காட்டினேன். சரிவுப் பாதையால் நானே உருண்டு தெருவுக்கு வந்தேன். திரும்பும்போது ஜம்பட்டா வீதி முழுக்க வாகனம். காலிமுகத்திடலில் நானா வண்டியை நிறுத்தி ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்தார். "இனி வீடுதானே, குடிங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வெள்ளவத்தைக்கு வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. எங்கள் வீடு தரைத்தளத்தில். வாசலில் ஒரு பழைய பலகை சாய்த்து வைத்திருக்கிறது. சிவப்புக் கம்பளம் இல்லை. இந்த மாநகரத்தில் என்னைத் தூக்க ஆள் தேவைப்படாத ஒரே கட்டடம் இதுதான். பலகையால் ஏறி உள்ளே போனேன்.

மறுநாள் காலை கனடாவிலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, உன்ரை படம் ஃபேஸ்புக்கில வந்திருக்கு! அந்தத் தியேட்டர்க்காரர்தான் போட்டிருக்கினம். எங்கள் அரங்கில் எல்லோருக்கும் இடமுண்டு எண்டு எழுதியிருக்கு. நாலு பேரும் உன்னைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு போகினம். எவ்வளவு நல்ல சனம் என்ன? இங்க எல்லாரும் லைக் போட்டிருக்கினம். நீயும் வாய்விட்டுச் சிரிச்சுக்கொண்டிருக்கிறாய்."

அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் திறந்துதான் இருந்தது.

"சிரிக்கேல்லை. வேண்டாம் எண்டு கத்துறன்."

அவள் பேச்சை மாற்றினாள். "சரி விடு. படம் எப்பிடி? நான் ட்ரெய்லர்தான் பாத்தனான். கடைசியில அந்தப் பிள்ளை தாயிட்டப் போய்ச் சேர்ந்தாளோ?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் காத்திருந்து போன படம். அதன் முன்னால் இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். ஆனால் நான் திரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைத் தூக்கி வந்தவர்களில் ஒருவராவது இன்னும் வெளியில் நிற்கிறாரா என்று.