என் தங்கையின் கையும் எழும்பாத கணினியும்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். கூடப்பிறந்த அண்ணனைப் பற்றி ஊருக்குச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். படித்ததும் எட்டாம் வகுப்பு வரைதான். பேனையை எடுப்பேன், சுவாமி அறைக்குள் போய்ப் பிள்ளையாரைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். ஆனால் அந்தப் பிள்ளையாரின் பெயராலேயே ஒரு பொய் இப்போது உலாவுகிறது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அதுதான் பாவம் என்று படுகிறது.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்து, வவுனியாவிலிருந்து எங்கள் வன்னிக்குப் பஸ்கள் வரத் தொடங்கியிருந்தன. பரந்தன் சந்தியில் என் கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையோடு ஒட்டிய சின்ன அறையை என் தங்கைக்குக் கொடுத்தோம். அவளுடைய கணவன் காய்ச்சலில் போன பிறகு, கைப்பிள்ளையோடு எங்களிடம் வந்திருந்தாள். அழுதுகொண்டு மூலையில் இருக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் ரைப் பண்ணவும், கணினியைக் கழற்றிப் பூட்டவும் படித்தாள். அந்த அறையிலேயே கணினியில் ரைப் பண்ணிக் கொடுக்கிற ஒரு கடை போட நினைத்தாள். கொட்டில் போட்டு ரியூஷன் நடத்துகிற ஒருவர், திங்கட்கிழமை ஒரு வினாத்தாளை அடித்துக் காட்டினால் மற்றதெல்லாம் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. அவர் வவுனியாவில் இருந்தார். அண்ணி வேலைக்குப் போகிறவர். தங்கச்சி தன்னிடம் வந்துவிட்டால் சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஒரு ஆள் ஆயிற்று என்பது அவருடைய நினைப்பு. "உனக்குச் சோறு போட நான் இல்லையோ?" என்று அவளைக் கேட்பார். அந்தச் சோற்றைக் காய்ச்சப்போவது யார் என்று அவர் சொல்வதில்லை.

ஆனாலும் வவுனியாவில் கணினிச் சாமான்களை வாங்கி வர ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை போட்டார்.

"இது சரிவரேல்லை எண்டால், ஒரு கதையும் இல்லாமல் என்னோட வெளிக்கிட வேணும்."

"ஓம் அண்ணை, வாறன்" என்றாள் தங்கை. அவளுக்குத் தன் கையில் அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை அண்ணன் ஒரு கடதாசிப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அறையில் பாயை விரித்து அவள் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அண்ணன் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டி முடிய நான் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கேற்றினேன். கணினிப் பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்தேன். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் இப்படித்தான் தொடங்கும். பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேற்றரைப் போட்டுவிட்டு, பார்ப்பதற்காக வாசலில் வந்து நின்றார். நான் தங்கையைப் பார்த்து, "போடடி" என்றேன்.

"நல்ல காரியத்தில அவளைக் கொண்டோ முதல் போடுவிக்கிறாய்?" என்றார் அண்ணன். "நீ போடன். நீ சுமங்கலி."

"அவளின்ரை கடை. அவள்தான் போடுவாள்."

அவள் பிள்ளையாரை நினைத்துக் கும்பிட்டு, பொத்தானை அமத்தினாள். உள்ளே காற்றாடி சுழன்றது. பச்சை லைற் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. நிற்பாட்டிப் போட்டாள். திரும்பவும் அதே கறுப்பு.

அப்போது அண்ணன் சொன்னார், பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்கத்தக்கதாக:

"நான் சொன்னனான் எல்லோ? தாலி அறுத்தவளின்ரை கை பட்டால் இப்பிடித்தான் நடக்கும்."

விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கும்பத்தில் பிள்ளையார் இருக்கிறார் என்று நம்பித்தானே வைத்தோம்? அவருக்கு முன்னால், சொந்தத் தங்கச்சியைப் பார்த்து, இந்த வாய் எப்படி இதைச் சொன்னது? பக்கத்துக் கடைக்காரர் நிலத்தைப் பார்த்தபடி போய்விட்டார்.

தங்கை வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ராம் என்கிற சின்னத் தகட்டை இழுத்து எடுத்து, அதன் மஞ்சள் விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினாள். எழும்பவில்லை. திரைக்குப் போகிற வயரை மாற்றிக் குத்திப் பார்த்தாள். அதற்கும் எழும்பவில்லை. நான் பக்கத்தில் குந்தியிருந்து திருகாணிகளைச் சிரட்டைக்குள் சேர்த்துக் கொடுத்தேன். வேறென்ன எனக்குத் தெரியும்?

"இனி என்னத்தைக் கிண்டுறாய்?" என்றார் அண்ணன். "உடுப்பை அடுக்கு. திங்கள் காலமை பஸ்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

"என்னத்துக்குப் பொறுக்கிறது? நல்ல மெசின்தான் வாங்கினனான். மெசினில பிழை இல்லை."

நான் வாயைத் திறந்தேன். "அப்ப பிழை ஆரிலை?"

"எனக்கேன் வாய் காட்டுறாய்? இந்த வேலைக்கு வழி காட்டினதே நீதான்."

தங்கை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஆகக் குறைந்த சாமான்களோடு போட்டுப் பார்க்க வெளிக்கிட்டாள். அப்படித்தான் படிப்பித்தார்களாம். பட்டையாக இருந்த ஒரு வயரைக் கழற்றித் தூக்கியபோது அப்படியே நின்றாள். அந்த வயருக்குக் கீழே, பச்சைப் பலகையில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டக் குழி இருந்தது. வெறும் குழி.

"அக்கா, இதுக்குள்ளை ஒரு பற்றரி இருக்க வேணும்." பிறகு தலையை நிமிர்த்தி அண்ணனைக் கேட்டாள். "அண்ணை, இதிலை வட்டமா, வெள்ளியா ஒண்டு இருந்ததோ?"

"ஓம். அதை நான் வவுனியாவிலேயே கிளப்பி எறிஞ்சிட்டன்."

"ஏன் எறிஞ்சனீங்கள்?"

"ஓமந்தைச் சோதனைச்சாவடியில ஆமி பிரிச்சுப் பாக்கேக்கை பற்றரியைக் கண்டால் விடுவாங்களோ? உங்களுக்கென்ன, பிடிபடுறது நானெல்லோ!"

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குண்டு செய்ய உதவும் என்று ரோச் பற்றரிக்கும் தடை; கொண்டுவந்து பிடிபட்டால் மறியல், சிறைதான். வவுனியாவைத் தாண்டும்போது மணிக்கூடு, ரேடியோ எல்லாவற்றின் வயிற்றையும் வெறுமையாக்கிவிட்டுத்தான் வருவோம். நானும் அப்படிச் செய்தவள்தான். பாதை திறந்தும் எங்கள் கைகளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகையால் பற்றரியை எறிந்ததற்காக அண்ணனை நான் ஒருநாளும் குற்றம் சொல்லமாட்டேன். என் கோபம் அதிலில்லை. திரை கறுப்பாகக் கிடந்தபோது, தான் ஒன்றைக் கழற்றியது அவருக்கு நினைவு வரவில்லை. தங்கச்சி விதவை என்பது மட்டும் உடனே நினைவு வந்தது. அதில்தான் என் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் என் கணவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு மிதித்தாள். படிப்பித்த மாஸ்ரரைத் தேடிப் பிடித்து, பழுதான கணினி ஒன்றிலிருந்து ஒரு பற்றரியை வாங்கி வந்தாள். அது இல்லாவிட்டால் சில பலகைகள் எழும்பவே மாட்டா என்று அவர் சொன்னாராம்.

அவள் போன நேரத்தில் அண்ணன் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, திருநீற்றோடு வந்தார். அவள் பற்றரியைக் குழிக்குள் அமத்திப் பெட்டியை மூடியதும், அதன்மேல் மூன்று குறி இழுத்தார்.

"தோசம் கழிச்சிட்டன். இப்ப பெரியவள் போடட்டும்" என்று என்னைக் கை காட்டினார்.

"என்ரை கை வராது" என்றேன். "போடடி தங்கச்சி."

அவள் போட்டாள். காற்றாடி சுழன்றது. டிக் என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் கண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியளோ?" என்றார் அண்ணன். "தேங்காய் உடைச்ச பிறகுதானே எழும்பினது!"

தங்கை அவரைத் திரும்பியும் பார்க்காமல் கேட்டாள்: "நேற்றே உடைச்சிருந்தால் பற்றரி வவுனியாவில இருந்து பறந்து வந்திருக்குமோ அண்ணை?"

கடைக்குள் டியூப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த என் கணவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "வாய் நீண்டு போச்சு" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் அவர் தனியாகப் போனார். தங்கை வினாத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். சண்டை திரும்ப வந்து நாங்கள் இடம்பெயரும்வரை அந்த அறையில் அவள் உழைத்துத்தான் தன் பிள்ளையை வளர்த்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். போன திருவிழாவில், எங்கள் கோயில் மடைப்பள்ளியில் காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, கணவனை இழந்த ஒரு தாயிடம் இன்னொருத்தி சொன்னாள்: "மகளின்ரை தையல் கடைக்கு நீ விளக்கேத்தாதை. பரந்தனில இப்பிடித்தான் ஒருத்தி தொட்டு, கொம்பியூட்டர் எழும்பாமல் போச்சாம். தமையன் தேங்காய் உடைச்ச பிறகுதான் பிள்ளையார் எழுப்பிவிட்டவராம்." அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், நான் தள்ளித்தான் நிப்பன்" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். அங்கேயே எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். சிலர், அண்ணனை இப்படிச் சொல்லலாமோ என்றார்கள்.

நான் நாள்தோறும் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். அவர் ஒரு விதவையின் கைக்குப் பயந்து கணினியை நிறுத்துகிறவரல்ல. அப்படிச் சொல்வது அவருக்குச் செய்கிற நிந்தனை.

அண்ணன் இதை வாசிப்பார். வாசிக்கட்டும். வாசித்த மற்றவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அண்ணனுக்காக இரங்கி ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம், என் தங்கைக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம். தேங்காய் உடைத்ததையும் மறைக்க வேண்டாம், உடைத்ததுதான். ஆனால் பற்றரியை விட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தாய் இன்னும் தள்ளித்தான் நிற்கிறாள்.