காப்பும் காப்புறுதியும் என் கடைவாய்ப் பல்லும்

பல் கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்கு ஊரில் எல்லாருடைய வாயும் தெரியும், அவளுடைய வாயைத்தான் ஒருத்தரும் பார்ப்பதில்லை. பல் பிடுங்குகிற குறடுகளைத் தேய்த்துக் கழுவி அவிக்கிற மெசினில் அடுக்கிவிட்டு, ஈரக் கையோடு இதை எழுதுகிறேன்.

என் கடைவாய்ப் பல் இரண்டு மாதமாகக் குத்துகிறது. என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, அரசாங்க ஒபிசில் சாரதி. அவருடைய காப்புறுதியில், அதுதான் இன்சூரன்சில், எனக்கும் பல்லுக்குச் சல்லி கிடைக்கும். ஆனால் இந்த வருசத்துப் பங்கை இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும். டொக்டருக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்கு வெட்கம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு இது விளங்கும்.

உறுதியான காப்பு

நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு மாமி வந்தா. வழக்கம்போல, "காப்புறுதி இருக்கா மாமி?" என்று மெதுவாகக் கேட்டேன். எனக்குச் சத்தம் எழும்பாது. மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காப்பைக் கழற்றி மேசையில் வைத்தா.

"ஒத்தக் காப்புதான் மகள், ஆனா நல்ல உறுதி. கடிச்சுப் பார்க்க எனக்குப் பல்லில்ல, நீயே கடிச்சுப் பாரு."

தலையணையோடு வந்த மாஸ்டர்

வார்ட்டில் தங்கினால் காப்புறுதியில் கூடக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் தலையணை, சாரம், பிளாஸ்க் எல்லாம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களிடம் வார்ட் இல்லை, இருப்பது சாய்ந்து படுக்கிற ஒரேயொரு கதிரை. ஐந்து நிமிசத்தில் பல்லைப் பிடுங்கியாயிற்று, மனிசன் இறங்குவதாக இல்லை. தலையணையைத் தலைக்குக் கொடுத்து, பஞ்சைக் கடித்தபடியே டொக்டரிடம் சொன்னார்:

"அவசரமில்ல சேர். நாளைக்குக் காலையில துண்டு வெட்டி வீட்ட அனுப்பினாப் போதும்."

நல்ல பல்லின் கவலை

முந்தி வலி தாங்காமல் போனால்தான் பல்லுக்கு ஆள் வரும். இப்போது வருசக் கடைசியில் வலியில்லாதவர்களும் வருகிறார்கள். காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற, அண்ணன் வயதுக் கிளார்க் ஒருவர் வாயைத் திறந்து, "ஒண்டையாவது புடுங்குங்க" என்றார். டொக்டர் லைட்டைப் பிடித்து மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டு, பிடுங்க ஒன்றுமில்லை என்றார். காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாசாமாசம் சம்பளத்தில வெட்டுறாங்க. பல்லு நல்லா இருக்கிறது என்ட பிழையா?"

என் பெயர்

இன்று காலையில் நம்பர் கொப்பியில் என் பெயரைப் பென்சிலால் எழுதினேன், பிறகு அழித்தேன். உள்ளே டொக்டருக்கு உதவி செய்கிற மேரி அக்கா கண்டுவிட்டா. நான் ஒரு பக்கக் கன்னத்தால் தேத்தண்ணி குடிக்கிறதையும் பார்த்திருக்கிறா போல. கொப்பியைப் பறித்து என் பெயரைப் பேனாவால் எழுதினா.

"ஊராக்களையெல்லாம் வாயைத் திறங்க எண்டு உள்ளுக்கு அனுப்புறாய். உன்ட வாய் என்ன புள்ள உண்டியலா, உடைச்சாத்தான் திறக்குமா?"

ஆகமொத்தம், காப்புறுதி வந்த பிறகு எங்கள் ஊரில் நல்ல பல்லுக்காரர் வரிசையில் நிற்க, நோகிற பல்லுக்காரி அவர்களுக்கு நம்பர் கூப்பிடுகிறாள் என்பதுதான் நான் கண்ட... மேரி அக்கா உள்ளேயிருந்து கூப்பிடுகிறா, இருபத்திமூன்றாம் நம்பராம், அது என்...