நான்காவது காப்பி

கடையே ‘பில்லம்மா’ என்று கூப்பிடும் அந்தப் பெண்மணியின் கட்டைவிரலைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். டைல்ஸ் கடையில் நான்கு தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகிச் செருகி ஏறிய நீலம் எந்த சோப்புக்கும் மசியாது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தலை வாரிவிட்டால், வெள்ளைக் காலரில் அம்மாவின் ரேகை விழுந்திருக்கும். அதுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கியது மகள்தான்.

முதல் தாள் வாடிக்கையாளருக்கு, அடுத்தது கணக்குக்கு, அதற்கடுத்தது வண்டிக்கு. நான்காவது பின்பக்கக் குடோனுக்கு. எவ்வளவு அழுத்தி எழுதினாலும் அதில் எழுத்து விழுந்திருக்கிறதா என்பதே சந்தேகம். குடோன்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

“என்னம்மா இது, வெறுந்தாளக் குடுத்து அனுப்பியிருக்கீங்க?”

“கண்ணாடி போட்டுப் பாருங்க. பத்துப் பெட்டி, வெள்ளை.”

சரி என்று போய்விடுவாரா? மழை, முழங்கால் வலி, முதலாளியின் புதுக் கார் என்று ஒரு சுற்று பேசிவிட்டுத்தான் நகர்வார். மனைவி போனபின் அவருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை.

அச்சகத்துக்காரர் கார்பனே வேண்டாத பில் புத்தக மாதிரிகளோடு வந்தபோது, “எழுதுறது நீங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று முதலாளி ஒதுங்கிக்கொண்டார். பில்லம்மா ஒரு மாதிரியில் எழுதி, நான்காவது தாளைப் புரட்டினாள். எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

“இதையே எடுத்துடுங்க. பாவம், அந்த மனுஷன் இனிமே நடையா நடக்க வேணாம்.”

புதுப் புத்தகம் வந்தது. விரல் சுத்தமாக இருந்தது. குடோன்காரர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மத்தியானம் இழுப்பறையில் கிடந்த பழைய கார்பன் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய பில்லெல்லாம் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் வந்து பேசியதுதான் நினைவுக்கு வந்தது. நல்லது செய்வதாக நினைத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று இருந்தது. 

அதற்கடுத்த நாள் அவர் வந்தார். புதுப் புத்தகத்தின் இளஞ்சிவப்பு நான்காவது தாளை மேஜைமேல் வைத்தார்.

“இதுல என்னம்மா போட்டிருக்கு?”

அவள் பார்த்தாள். அச்சடித்த மாதிரி இருந்தது.

“இருவது பெட்டி, சாம்பல் கலர். தெரியலையா?”

“நல்லாத் தெரியுது.” அவர் தாளையே பார்த்துக்கொண்டு சொன்னார். “அதான் ரெண்டு நாளா வர முடியல.”

பில்லம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. முழங்கால் எப்படி இருக்கு?”